பதினோரு மணி நேர முன்னேற்றம்

ஹோபார்ட்,
நவம்பர் 9, திங்கட்கிழமை

அன்பு மகள் டாம்சினுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா முழு நலம், நான் ஒரு சாண் குடல் குறைந்த நலம். அங்கே நீயும் நீ எண்ணுகிற பென்குவின்களும் அந்தத் தீவின் காற்றில் பறந்துபோகாமல் கால் ஊன்றி நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். குடல் என்றதும் பதறாதே. பெருங்குடலில் ஒரு பரு இருந்தது, விட்டுவைத்திருந்தால் நாலைந்து வருஷத்தில் புற்றாகியிருக்கும், விட்டுவைக்கவில்லை, போன மாதம் என்னோடு வேலை செய்கிற ஹமிஷ் வெட்டி எடுத்துவிட்டான், சோதனை முடிவும் வந்துவிட்டது, புற்று இல்லை. உனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியது நான்தான், அவரைத் திட்டாதே. சொல்லியிருந்தால் மட்டும் நீந்தியா வந்திருப்பாய், அடுத்த கப்பல் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இதை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். பதினான்கு மாதமாக என் மின்னஞ்சலுக்கெல்லாம் நீ "நலம், வேலை அதிகம்" என்று மூன்றே சொல்லில் பதில் போடுகிறாய், அப்பாவுக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் செப்டம்பரில் தொலைபேசியில் நான் உன்னிடம் சொன்ன ஒரு சொல்தான் காரணம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு வர எனக்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். வெள்ளிக்கிழமை கப்பல் புறப்படுவதற்குள் முடித்துவிடுவேன்.

என் ஆராய்ச்சி என்னவென்று உனக்குத் தெரியும், நீ அதனால் பட்ட அவமானமும் எனக்குத் தெரியும். பள்ளியில் அம்மா அப்பா என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டபோது அப்பா படகு இயந்திரம் பழுது பார்க்கிறார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் "ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்று நோயாளியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய் என்று உன் டீச்சர் என்னிடம் விசாரித்தாள். உன்னைக் குறை சொல்லமாட்டேன். நான் இரைப்பைப் புற்றில் தொடங்கினேன், கணையத்தில் ஆறு வருஷம் கிடந்தேன், ஈரலை எவ்வளவு வெட்டினால் எவ்வளவு வளரும் என்று ஐந்து கட்டுரை எழுதினேன், அவற்றைப் படித்தவர்கள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர் இருப்பார்கள். அப்புறம்தான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. நாங்கள் மணிக்கணக்கில் நின்று புற்றை அழகாக வெட்டி எடுத்துத் தைத்துவிடுகிறோம், அதற்குப் பிறகு நோயாளியும் உறவும் டாக்டர்களும் நர்ஸ்களும் சேர்ந்து நாள்கணக்கில் காத்திருப்பது ஒரே ஒரு காற்றுக்காக. கையை வைத்த கோபத்தில் குடல் தூங்கிப்போகும், அது எழுந்தால்தான் காற்றுப் பிரியும், காற்றுப் பிரிந்தால்தான் சாப்பாடு. சூயிங்கம் மென்றால், சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து சீக்கிரம் எழுந்துவிடுமா என்பதுதான் என் கேள்வி. எட்டு வருஷம், முன்னூற்று எண்பத்தெட்டு நோயாளிகள், பாதிப்பேர் ஆபரேஷனுக்குப் பிறகு நாளைக்கு மூன்று வேளை சூயிங்கம் மென்றார்கள், பாதிப்பேர் மெல்லவில்லை. எல்லோர் கட்டிலிலும் ஒரு தாள் தொங்கும், முதல் காற்றுப் பிரிந்ததும் அவர்களே ஒரு கட்டத்தில் டிக் போட்டு மணி எழுத வேண்டும். டிக் விழுந்ததும் தட்டில் சாப்பாடு வரும். மென்றவர்கள் பதினோரு மணி நேரம் முன்னதாக டிக் போட்டார்கள். பதினோரு மணி நேரம், டாம்சின்! ஒரு பெட்டிக்கடைச் சரக்கால்! மருத்துவ இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது, அடுத்த மே மாதம் அடிலெய்டில் அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் அதைப் படிக்க அழைத்தார்கள், வேறு மூன்று ஆஸ்பத்திரிகள் இப்போதே என் முறையைத் தொடங்கிவிட்டன. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கையில் இதைவிட என்ன வேண்டும், தலைகால் புரியாமல்தான் நடந்தேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கே ஆபரேஷன். தனி அறை தருகிறோம் என்றார்கள், வேண்டாம், நான் வகுத்த முறையை நானே அனுபவிக்கிறேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிப் பெண்கள் வார்டில் நாலு கட்டில் உள்ள அறைக்குப் போனேன். அங்கே நோரின் இருக்கிறாளே, தலைமை நர்ஸ், இருபது வருஷமாக என்னை டாக்டர் டாக்டர் என்று கூப்பிட்டவள், நான் ஆஸ்பத்திரி கவுனைப் போட்ட நிமிஷத்திலிருந்து "மூணாம் நம்பர் கட்டில்" என்றே கூப்பிட ஆரம்பித்தாள். என் ஆராய்ச்சியில் நானே ஒரு எண்ணாக முடியாது என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் தாளைக் கொண்டுவந்து தொங்கவிட்டாள், சூயிங்கத்தையும் வைத்தாள். எனக்கு இதெல்லாம் எதற்கு நோரின் என்றேன். "நீங்க எழுதின விதிதான் டாக்டர். ஆறாவது வரியப் படிங்க, யாருக்கும் விதிவிலக்கு இல்லன்னு நீங்களே கோடு போட்டிருக்கீங்க" என்று சொல்லி என் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பசி என்றால் என்னவென்று எனக்கு அதுவரை தெரியாது என்று இப்போது சொல்லத் துணிகிறேன். முதல் நாள் முழுக்கத் தண்ணீரும் வெறும் சாறும். இரண்டாம் நாள் காலையில் எதிர்க் கட்டிலுக்கு வறுத்த ரொட்டியும் வெண்ணெயும் வந்தது, அந்த வாசனைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, இதில் சூயிங்கம் வேறு. பதினோரு மணிக்கு உன் அப்பா வந்தார். வந்தவர் சும்மா வரக்கூடாதா, துறைமுகக் கடையில் மஞ்சள் மசாலாவில் சிப்பிக்கறி அடைத்துச் சூடாகத் தருவார்களே அந்தப் பஃப்ஸைக் காகிதப்பையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எண்ணெய் காகிதத்தில் ஊறிக்கொண்டிருந்தது. நோரின் வாசலிலேயே அவரை மறித்து, "டிக் விழுந்தாத்தான் உள்ள போகும், இல்லன்னா உங்க கையிலயே இருக்கட்டும்" என்றாள். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார், சூடு ஆறிப்போகுமே என்ற கவலை அவருக்கு. டாம்சின், முப்பத்தைந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவள், மாணவர்களுக்கு உண்மையைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள், நான் அந்தத் தாளை எடுத்தேன், டிக் போட்டேன், பக்கத்தில் 10.43 என்று நிமிஷம் முதற்கொண்டு எழுதினேன். 10.45 என்று எழுதினால் ஜோடித்தது போலத் தெரியும் என்று யோசித்துப் பத்து நாற்பத்துமூன்று போட்டேன் பார், அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. குடல் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தது. பஃப்ஸை மூன்று கடியில் முடித்தேன். இரண்டு மணிக்கு ஹமிஷ் புதுக் காலணியோடு, பின்னால் ஐந்து மாணவர்களோடு வந்து, "எப்படி இருக்கீங்க லினெட், பதினோரு மணி நேரத்த நீங்களே நிரூபிச்சிட்டீங்களாமே" என்று சிரித்துக்கொண்டே குனிந்தான். அந்தப் பஃப்ஸ் வந்த வழியே முழுசாகத் திரும்பி வந்து அவன் காலணிமேல் விழுந்தது. மசாலாவின் மஞ்சள் நிறம்கூடப் போகவில்லை.

மூக்கில் குழாய் போட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். அப்புறம் எதிர்க் கட்டில் டாட் சிரிக்க ஆரம்பித்தாள். இந்த டாட் ஹுவான் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவள், எழுபது வயது, தையல் போட்ட வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். "ஏ பொண்ணு, நெசமாவே பிரிஞ்சுதா, இல்ல நாங்க பண்றத நீயும் பண்ணினியா?" என்று கேட்டாள். நீங்க பண்றதுன்னா என்ன என்றேன், குழாயோடு எனக்குக் குரலே வரவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் மார்லீன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், அவள்தான் பதில் சொன்னாள். "எனக்கு இன்னும் வரவே இல்ல டாக்டரம்மா. ஆனா செவ்வாக்கிழமையே டிக் போட்டுட்டேன், அன்னிக்கு ஆட்டுக்கறி ரோஸ்ட்டுன்னு அறிவிப்புல எழுதியிருந்துச்சு" என்றாள், கொஞ்சமும் வெட்கம் இல்லாமல். டாட் கையை உதறிக்கொண்டு, "நாப்பத்தொம்பது வருஷமா எம்புருஷன் முன்னாலயே நான் விட்டதில்ல, இங்க வந்து மணி நிமிஷத்தோட எழுதித் தொங்கவிடணுமாம். நெசமா வந்தப்ப எழுதல, வராதப்ப எழுதினேன். யாரு கண்டா?" என்றாள். அதோடு விட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். எல்லோரும் ஒரே மாதிரி புளுகினால் மென்றவர் மெல்லாதவர் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்று படுத்த படுக்கையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மார்லீன் சொன்னாள், "அந்தச் சூயிங்கம்தான் டாக்டரம்மா ஆளக் கொல்லுது. மெல்ல மெல்ல வயித்துல கபகபன்னு பசி. வாய் மட்டும் வேல செய்யுது, எங்கடி சாப்பாடுன்னு வயிறு கேக்குது. அது இல்லாட்டி நான் வியாழக்கிழம வரைக்கும் பொறுத்திருப்பேன், சத்தியமா." எனக்கு அந்த நிமிஷம் கட்டிலே ஆடியது போலிருந்தது. என் பதினோரு மணி நேரம் குடல் எழுந்த நேரம் இல்லை, பசி தாங்காமல் பொய் சொன்ன நேரம். சூயிங்கம் குடலை எழுப்பவில்லை, நோயாளியைத்தான் எழுப்பி உட்காரவைத்துக் கையில் பேனாவைக் கொடுத்தது.

ஒரு பஸ் ஓட்டுநரின் பேச்சை நம்பி எட்டு வருஷ வேலையைத் தூக்கிப் போட முடியுமா என்று கேட்பாய். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன், ரொம்ப ஆசையாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நாலாம் நாள் அப்பாவை விட்டுப் பழைய தாள்களை எல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவரச் சொன்னேன், நோரின் அவளுடைய விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்து உதவினாள். டிக் போட்டபிறகு முதல் சாப்பாடு சாப்பிட்ட நாளில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்று நர்ஸ்கள் எழுதியிருப்பார்கள், அதை மட்டும் எடுத்தோம். மெல்லாதவர்களில் இருபத்திரண்டு பேர். மென்றவர்களில் நாற்பத்தொன்பது பேர். இரண்டு தடவை எண்ணினோம். இது புதிதாகத் தோண்டி எடுத்தது இல்லை, எட்டு வருஷமாக அங்கேயே இருந்தது. அதற்கெல்லாம் மயக்க மருந்தின் விளைவு என்று எழுதிவிடுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னதும் நான்தான், என் கையெழுத்தோடு இருக்கிறது. நோரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நாங்க நாலு தடவ சொன்னோம் டாக்டர், டிக் போட்டுட்டுக் கக்குறாங்கன்னு. நீங்க பெரிய வேலையில இருந்தீங்க" என்றாள். அவள் சொன்னது உண்மை, ஆனால் நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. வயதானவர்கள் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கடினம் என்று நானே பாடம் எடுக்கிறேன். எங்கள் நாற்பத்தொன்பது பேரும் பிழைத்தார்கள், அது அதிர்ஷ்டம். அந்த மூன்று ஆஸ்பத்திரிகளிலும் அன்றைக்கு யாரோ ஒருவர் மென்றுகொண்டிருந்திருப்பார், பசியோடு தாளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

போன புதன்கிழமை ஹமிஷை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பாவம், வேறு காலணி போட்டுக்கொண்டு வந்தான், என்னிடமிருந்து இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தான். அந்தக் கட்டுரையில் அவன் பெயரும் இருக்கிறது, அதை வைத்துத்தான் அடிலெய்டில் பேராசிரியர் வேலை பேசி வைத்திருக்கிறார்கள், அவன் மனைவி அங்கே வீடே பார்த்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் விரித்துக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் எண்களைப் பார்த்தான், புத்திசாலிப் பையன், உடனே புரிந்துகொண்டான். புரிந்துகொண்டு, தாள்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, மெதுவாக, "வாந்தி கட்டுரையிலேயே இல்லையே லினெட். யாரும் கேக்கல. நாம சொல்லலன்னா இது யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

டாம்சின், அவன் வாயில் என் குரல் கேட்டது. நீ அன்றைக்குத் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாய், அந்த இரண்டு பாறைச் சரிவுகளையும் தனித்தனி என்று நினைத்து ஒரே பென்குவின் கூட்டத்தை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன் அம்மா, ஒரு வருஷ எண்ணிக்கையும் தப்பு, நானே வழிகாட்டியிடம் போய்ச் சொல்லிவிட்டேன், டாக்டர் பட்டம் தள்ளிப்போகும் என்றாய். நான் உன்னைத் தேற்றவில்லை. நீ ஏன் சொன்னாய் என்று கத்தினேன். அந்தக் குளிரில் வந்து உன் பென்குவினை யார் திரும்ப எண்ணிப் பார்க்கப்போகிறார்கள், யாருக்குத் தெரியப் போகிறது, முட்டாள் பெண்ணே என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அம்மா என் எதிர்காலத்துக்காகத்தான் பேசுகிறாள் என்று நீ நினைத்து என்னை மன்னித்திருப்பாய் என்று இவ்வளவு நாள் என்னையே நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மை என்ன தெரியுமா, எனக்குக் கூச்சமாக இருந்தது. என் பெண் பட்டத்தை எப்போது முடிக்கிறாள் என்று சாப்பாட்டு மேஜையில் மற்ற டாக்டர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அன்றைக்கு எனக்கு முதலில் தோன்றியது. அதற்காக உன் நேர்மையை முட்டாள்தனம் என்று சொன்னேன். அது தப்பு. நீ செய்தது சரி, நான் சொன்னது கேவலம். என்னை மன்னித்துவிடு.

ஹமிஷிடம் நான் கத்தவில்லை, கத்த எனக்கு யோக்கியதை இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன், தப்பு முழுவதும் என்னுடையது என்றே எழுதுவேன் என்று சொன்னேன், அவன் அழுதான், அப்புறம் பிஸ்கட்டையெல்லாம் தின்றுவிட்டு நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றான். மறுநாளே மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் போன் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்ற கடிதம் இன்று காலை போய்விட்டது. செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஓய்வு பெறும் விருந்தில் எனக்காகப் பேச வேண்டியவர்கள் இப்போது எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "சிப்பிப் பஃப்ஸைப் பத்திப் பேசுவாங்க" என்றார், அவருக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு வருஷம் மிச்சம் இருக்கிறது. நோரின் திரும்ப ஆரம்பிக்கலாம் என்கிறாள், இந்தத் தடவை டிக்கும் வேண்டாம், சாப்பாட்டை அதோடு முடிச்சுப் போடவும் வேண்டாம், மணிக்கொரு தரம் நர்ஸே வயிற்றில் காதுக்குழல் வைத்துக் கேட்கட்டும் என்கிறாள். டாட்டிடம் போனில் சொன்னேன், "வயித்த நல்லாக் கேளு, ஆனா எங்கிட்ட எதுவும் கேக்காத" என்றாள். முதல் நோயாளி அடுத்த வாரம் வருகிறார்.

காதை மூடுகிற குல்லாய் போட்டுக்கொள். பாறையில் தனியாக ஏறாதே, இதை எல்லா அம்மாவும் சொல்வாள், நானும் சொல்கிறேன். பார்சலில் அப்பா உனக்குக் கம்பளிக் கையுறையும் பழக் கேக்கும் வைத்திருக்கிறார், கேக் நான் செய்தது இல்லை, பயமில்லாமல் சாப்பிடலாம். உன் குஞ்சுகள் எல்லாம் பொரித்து நன்றாக வளரட்டும், எந்த எண் வந்தாலும் அது உன் எண்ணாக இருக்கட்டும், நீ நூறு வயது நல்லபடியாக இரு, என் கண்ணே.

கப்பல் திரும்பும்போது அதில் ஒரு கடிதம் கொடுத்தனுப்ப மறந்துவிடாதே. எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும், இங்கே அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. ஒரு வருஷத்தைத் தூக்கிப் போட்ட பிறகு, மறுபடி அந்தச் சரிவில் போய் வெற்று நோட்டோடு நின்று, ஒன்று என்று எழுதினாயே, அன்றைக்குக் காலையில் உனக்குப் பயமாக இருந்ததா? எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

உன் அம்மா,
லினெட்